கடலைப் பார்த்து நின்ற அன்டனா

போன மாதம் நஸீர் என்னைப் பார்க்கக் கொட்டாஞ்சேனைக்கு வந்தான். நான் வேலை செய்த கொள்ளுப்பிட்டிக் கடையை இப்போது நடத்துகிறவன் அவன்தான். வரும்போது புது வைஃபை ரவுட்டர் ஒன்றைக் கொண்டு வந்திருந்தான். வெள்ளைச் சவர்க்காரக் கட்டி போல மழமழவென்று இருந்தது. திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அன்டனா என்று வெளியே ஒன்றுமே இல்லை.

"எல்லாம் உள்ளுக்குள்ள அண்ணே," என்றான். "நீங்க ரவுட்டருக்கு வெளியில அன்டனா போட்ட கதையக் கடைப் பொடியன்மாருக்குச் சொன்னேன். சிரிக்கிறானுங்க. அந்த வெள்ளவத்தைக் கதைய நீங்களே எழுதித் தாங்களேன்."

சிரிக்கட்டும். நானும் அந்த வயதில் நிறைய விஷயங்களுக்குச் சிரித்தவன்தான். முக்கியமாக என் முதலாளியைப் பார்த்து முதுகுக்குப் பின்னால் சிரித்திருக்கிறேன். அவர் இல்லாவிட்டால் இந்தக் கதையை எழுத நான் கொட்டாஞ்சேனையில் கால் நீட்டி உட்கார்ந்திருப்பேனா என்பது சந்தேகம். அதனால் நஸீர் கேட்டதும் மறுக்காமல் பேனையை எடுத்துவிட்டேன்.

நான் வேலை பழகிய கதையில் பெரிதாக ஒன்றும் இல்லை. மருதானையில் ரேடியோ திருத்தும் கடை ஒன்றில் ஈயம் உருக்கிப் பற்றவைக்கப் பழகினேன். ரீவி வந்தபோது கொழும்புக் கூரைகள் எல்லாவற்றிலும் அன்டனா முளைத்தது. அலுமினியக் குழாயை அளந்து வெட்டவும், ஓடு உடையாமல் கூரையில் நடக்கவும் தெரிந்தவனுக்கு அந்த நாளில் நல்ல மரியாதை. அந்த மரியாதையோடு ரணவீர மாத்தயாவின் கடைக்குப் போய்ச் சேர்ந்தேன். வேலையில் இருந்து ஓய்வு பெறும்வரை வேறு கடை வாசலை மிதிக்கவில்லை.

மாத்தயா என்றால் சிங்களத்தில் ஐயா. ரணவீர மாத்தயா பருத்த உடம்புக்காரர். எதற்கும் அவசரப்படமாட்டார். சப்பாத்துப் போட்டு அவரை நான் பார்த்ததில்லை. எந்த வீட்டு வாசலிலும் சட்டென்று கழற்றிவிட்டு உள்ளே போக வசதியாகச் செருப்புத்தான். நாங்கள் இருவரும் சிங்களத்தில்தான் பேசிக்கொள்வோம். இங்கே அதைத் தமிழில் எழுதுகிறேன். அவருக்குத் தெரிந்த தமிழ் ஒரே ஒரு சொல், "சாப்பிட்டாச்சா?" காலையோ மாலையோ, கல்யாண வீடோ செத்த வீடோ, தமிழ் ஆட்களைக் கண்டால் அதைக் கேட்டுவிடுவார்.

கூரைக்கு ஏறுவதற்கு முன்னால் மாத்தயாவுக்கு ஒரு முறை இருந்தது. அன்டனாவை வாசலில் சாய்த்துவிட்டுப் பக்கத்து வீடுகளுக்குப் போவார். இந்தப் பக்கம், அந்தப் பக்கம், எதிர்ப்பக்கம், ஒன்றையும் விடமாட்டார். "இந்த வீட்டுக்கு அன்டனா போடுகிறோம், ஒருக்கால் வந்து பாருங்கள்" என்று கூப்பிடுவார். வந்தவர்களுக்கு அதைத் தூக்கிக் காட்டுவார். கையில் பிடித்துப் பார்க்கக் கொடுப்பார். எவ்வளவு உயரத்தில் வைப்போம், எந்தப் பக்கம் திருப்புவோம், எல்லாம் சொல்வார். தேத்தண்ணி கொடுத்தால் உட்கார்ந்து குடிப்பார். கொடுக்காவிட்டால் தண்ணீராவது கேட்டு வாங்கிக் குடிப்பார். அதற்குப் பிறகுதான் என்னைப் பார்த்து ஏணிப் பக்கம் தலையை ஆட்டுவார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வெயில் ஏற ஏறத் தகரம் சுடும். பொசுங்கப் போவது என் கால்தானே.

"கல்யாணத்துக்குச் சொல்ற மாதிரி வீடு வீடாப் போகணுமா மாத்தயா?" என்று ஒரு நாள் கேட்டேவிட்டேன்.

"கல்யாணத்துக்குச் சொல்லாட்டிக் கோவிப்பாங்க, அவ்வளவுதான்," என்றார். "இதுக்குச் சொல்லாட்டிப் பயப்படுவாங்க. பயந்த ஆள் என்ன செய்வான் எண்டு உனக்குத் தெரியுமா தாஸ்?"

அது எனக்குப் புரியக் கொஞ்ச நாள் எடுத்தது. யுத்தம் தொடங்கிய பிறகு ஒரு மழை நாளில், நனையக்கூடாது என்று அன்டனாக் குழாய்களைக் கறுப்புப் பொலித்தீனில் இறுக்கிச் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன். சோதனைச் சாவடியில் மறித்தார்கள். அடையாள அட்டையைப் பார்த்தார்கள், பெயரைப் பார்த்தார்கள், தோளில் இருந்த நீளமான கறுப்புப் பொட்டலத்தைப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு நான் முழங்காலில் இருந்தேன். விஷயம் கேள்விப்பட்டு மாத்தயா வந்தார். ஒரு சொல்லும் வாதாடவில்லை. ஆமிக்காரரிடம் அனுமதி கேட்டுக் கயிற்றை அவிழ்த்தார். மழையிலேயே ரோட்டோரத்தில் குந்தி, ஒவ்வொரு குழாயாகப் பூட்டி, ஒரு முழு ரீவி அன்டனாவைச் செய்து தூக்கிக் காட்டினார். மறித்தவர்களில் ஒருவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என்னை விட்டுவிட்டார்கள்.

"அன்டனா நனைஞ்சாக் காயும்," என்றார் திரும்பி வரும்போது. "இனிமேல் சுத்தாதே. எல்லாரும் பார்க்கிற மாதிரிக் கொண்டு போ."

அன்றிலிருந்து நான் எதையும் சுற்றிக் கொண்டு போனதில்லை. ஆனால் வீடு வீடாகத் தேத்தண்ணி குடிக்கும் வேலை மட்டும் எனக்கு ஒத்துவரவே இல்லை.

இனி வெள்ளவத்தைக்கு வருவோம். அது யுத்தத்தின் கடைசி வருடங்கள். டெலிபோன் வயரில் இன்டர்நெட் வரத் தொடங்கி, வசதி உள்ள வீடுகளில் வைஃபை ரவுட்டர்களும் வந்துவிட்டன. பின்னால் விரல் நீளத்தில் ஒரு குட்டி அன்டனா இருக்கும். கொழும்பின் பழைய சுவர்களுக்கு முன்னால் அந்த விரலால் என்ன செய்ய முடியும்? முன் ஹோலில் வேலை செய்யும், குசினியில் செத்துவிடும். அந்தக் குட்டியைத் திருகிக் கழற்றிவிட்டு வெளி அன்டனா ஒன்றைப் பூட்டித் தரும் வேலை எங்களுக்கு வரத் தொடங்கியது. பார்க்கச் சின்ன வேலை. புறக்கோட்டையில் வாங்கிய கனெக்டரைப் பூட்டினால் மரை அழகாக ஏறும். ஆனால் ரவுட்டர் பக்கத்திலும் நடுவில் ஊசி, கனெக்டரிலும் நடுவில் ஊசி. இரண்டும் முட்டி வளைந்துவிடும். ரவுட்டருக்கென்று ஊசியையும் ஓட்டையையும் இடம் மாற்றிச் செய்த கனெக்டர் தனியாக உண்டு என்பதை இரண்டு ரவுட்டர்களைக் கெடுத்த பிறகுதான் கண்டுபிடித்தோம்.

பரமேஸ்வரி ரீச்சர் கடைக்கு வந்தது அந்த நேரத்தில். யாழ்ப்பாணத்தில் படிப்பித்து ஓய்வு பெற்றவர். கணவரும் படிப்பித்தவர்தான், மாஸ்டர் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். மாஸ்டருக்குப் பாரிசவாதம் வந்து ஒரு பக்கமும் பேச்சும் போய்விட்டது. வைத்தியத்துக்காகக் கொழும்புக்குக் கொண்டு வந்து, வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றின் அடியில் அனெக்ஸ் ஒன்றை, ஒரு வீட்டோடு ஒட்டிய தனிப் பகுதியை, வாடகைக்கு எடுத்து இருந்தார்கள். மகன் கோகுலன் ஏற்கனவே அதே ஒழுங்கையில், கொஞ்சம் மேலே, மறுகரையில் ஒரு மேல்மாடி வீட்டில் இருந்தான். ஒரு கம்பெனியில் கிளார்க் வேலை. டெலிபோனும் இன்டர்நெட்டும் அவனிடம்தான் இருந்தன. அனெக்ஸுக்கு டெலிபோன் எடுக்க அதன் சொந்தக்காரர் சம்மதிக்கவில்லை.

"தம்பி, இவர் ஒருத்தரையும் பாக்கிறாரில்லை," என்றார் ரீச்சர். "கனடாவில இருக்கிற மகளின்ர முகத்தைக் கொம்பியூட்டரில கண்டா மட்டும் கண் முழிச்சுப் பாக்கிறார். கோகுலன் ஒருக்கா ஆக்களைப் பிடிச்சுக் கதிரையோட தூக்கி மேல ஏத்தினவன். திரும்ப அப்பிடிச் செய்ய அந்த மனுசனுக்கு ஏலாது. அவரை நெற்றுக்குக் கொண்டு போக ஏலாதெண்டா, நெற்றை அவரிட்டக் கொண்டு வாருங்கோவன்."

கோகுலனின் பல்கனியில் நின்றால் ஒழுங்கைக்குக் குறுக்கே, கடல் பக்கமாக, மாஸ்டர் படுத்திருந்த அறையின் ஜன்னல் நேராகத் தெரியும். பலமாகக் கூப்பிட்டால் குரல் கேட்கும். வைஃபைதான் போய்ச் சேராது. "மேலால ஒரு வயர் இழுத்து விடுவோமே" என்றேன். மாத்தயா என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்தக் காலத்தில் தமிழ் வீடு இரண்டுக்கு இடையில், கடற்கரைக் காவலரணுக்கு எதிரே, ரோட்டுக்கு மேலால் வயர் இழுக்க நினைத்த என் மூளையை எந்தக் கடையில் வாங்கினேன் என்று கேட்பது போல இருந்தது அந்தப் பார்வை.

ஆக, அன்டனாதான் வழி. கடையில் மிஞ்சிக் கிடந்த அலுமினியத்தில் நானே செய்தேன். ஒரு முழ நீளத் தண்டு, அதில் வரிசையாகச் சின்னச் சின்னக் கம்பிகள். மீன் சாப்பிட்டு வைத்த முள் போல இருக்கும்.

நாங்கள் போன அன்று மாத்தயா வழக்கம்போல ஊர்வலம் போனார். ஒழுங்கை அடியில் தண்டவாளத்தருகே காவலுக்கு நின்ற ஆமிக்காரரிடமும் கொண்டு போய்க் காட்டினார். அவர் சிரித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். கோகுலனின் வீட்டுக்குப் பக்கத்தில், கடல் பக்கத்து வீட்டில், சுமனா நோனா இருந்தார். பிள்ளைகளைக் கட்டிக் கொடுத்துவிட்டுத் தனியாக இருந்த சிங்கள அம்மா; நோனா என்பது மரியாதைக்கு. கோகுலன் விடியற்காலையில் மோட்டார் சைக்கிளை உதைத்து ஸ்டார்ட் பண்ணுகிறான் என்று அவனோடு பேச்சுவார்த்தை இல்லை.

"இதால என்ட ரீவியில ஒரு கோடு விழுந்தாலும் நானே ஏறிக் கழட்டுவேன்," என்றார் சுமனா நோனா சிங்களத்தில்.

ரீவிக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அது மாத்தயாவுக்கும் தெரியும். ஆனாலும் மனிதர் என்ன செய்தார் தெரியுமா? நான் வேலையை முடித்துச் சுவிட்சைப் போட்ட பிறகு, சுமனா நோனாவின் சோபாவில் போய் உட்கார்ந்து, அவர் பார்க்கும் நாடகத்தை ஆரம்பத்தில் இருந்து கடைசிவரை பார்த்தார். நடுவில் நடுவில், இந்தப் பெண் யாருடைய மகள், அந்த ஆள் ஏன் அழுகிறான் என்று விசாரணை வேறு. நான் பல்கனியில் காய்ந்துகொண்டிருந்தேன். "சம்பந்தம் இல்லை எண்டு சொல்லியிருக்கலாமே மாத்தயா" என்றால், "சொன்னாக் கேட்டிருப்பா. பார்த்ததாலதான் நம்பினா" என்றார்.

ஆனால் கோடு விழாதது மட்டும்தான் அன்றைய வெற்றி. அனெக்ஸில் ரீச்சரின் லப்டொப்பில் ஒரு கோடு சிக்னலும் வரவில்லை. ரீவி அன்டனாக்காரனுக்கு மட்டும் வரக்கூடிய பிழை இரண்டை நாங்கள் ஒரே நாளில் செய்திருந்தோம். ரவுட்டரை உள்ளே ஹோலில் வைத்துவிட்டு, பல்கனிவரை நீளமாக ரீவி வயர் இழுத்திருந்தோம். ரீவிக்கு அது சரி. வைஃபைக்கு அந்த வயரே எல்லாவற்றையும் தின்றுவிடும். அன்டனா எங்கே போகிறதோ ரவுட்டரும் கூடவே போகவேண்டும், இடையில் வயர் சாண் கணக்கில்தான் இருக்கலாம். டெலிபோன் வயரை எவ்வளவு நீட்டினாலும் பரவாயில்லை. கஷ்டப்பட்டு அதைப் புரிந்துகொண்டு ரவுட்டரைப் பல்கனிக்குக் கொண்டு வந்தோம். அப்போதும் சிக்னல் எட்டிப் பார்த்துவிட்டு ஓடிவிட்டது.

மாத்தயா பல்கனியில் நின்று நெடுநேரம் யோசித்தார். பிறகு ரவுட்டரில் இருந்து கழற்றிய குட்டி அன்டனாவைக் கையில் எடுத்தார்.

"இது எப்படி இருந்தது தாஸ், படுத்தா நிண்டா?"

நின்றது. எங்கள் கம்பிகளோ படுத்திருந்தன. வாழ்க்கை முழுவதும் ரீவி அன்டனாவின் கம்பிகளைப் படுக்கவைத்துப் பழகிய கை, இதையும் கேட்காமல் படுக்க வைத்துவிட்டது. நான் ஆணியைத் தளர்த்தி அன்டனாவைக் கால்வாசி திருப்பினேன். கம்பிகள் நிமிர்ந்து நின்றன. ஒழுங்கைக்கு மறுகரையில் இருந்து ரீச்சர் கத்தினார்.

"வந்திட்டுது! தம்பி, வந்திட்டுது! பிள்ளை தெரியிறாள்!"

நான் இறங்கி ஓடிப்போய் அனெக்ஸ் ஜன்னலால் பார்த்தேன். மாஸ்டரின் நல்ல கை மெதுவாக உயர்ந்து லப்டொப்பின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டது. எத்தனையோ கூரை ஏறி இறங்கியிருக்கிறேன். ஒரு வேலையை முடித்துவிட்டு அழுகை வந்தது அன்றைக்குத்தான்.

ஆனால் அந்தச் சந்தோஷத்துக்குள்ளேயே வில்லங்கமும் இருந்தது. யோசித்துப் பாருங்கள். ஒழுங்கையில் இருந்த அன்டனா எல்லாம் ஒரே பக்கமாக, நகரத்தைப் பார்த்து, கம்பியைப் படுக்கவைத்துக்கொண்டு இருந்தன. இது மட்டும் கம்பியை நிமிர்த்திக்கொண்டு, எல்லாவற்றுக்கும் முதுகைக் காட்டி, கடலைப் பார்த்து நின்றது. கடற்கரையில் காவலுக்கு நிற்கிறவனுக்குக் கடலால் எதிரிப் படகு வருமோ என்பதைத் தவிர வேறென்ன நினைப்பு? நாங்கள் காட்டிய ஆமிக்காரர் இருந்தவரை ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஆட்கள் மாறினார்கள். புதிதாக வந்தவனுக்கு யார் காட்டுவது?

ஒரு காலையில் கடைக்கு டெலிபோன் வந்தது. ரீச்சரின் குரலே அடையாளம் தெரியவில்லை.

"தம்பி, கோகுலனைக் கொண்டு போட்டாங்கள். பல்கனியில நிண்ட உங்கட அந்த முள்ளைக் கழட்டினவங்கள், பெட்டியையும் எடுத்தவங்கள், பிள்ளையையும் ஏத்திக்கொண்டு போட்டாங்கள். கடலுக்குச் செய்தி அனுப்புறதாம். இவருக்கு நான் இன்னும் சொல்லேல்லை. என்னெண்டு சொல்லுறது?"

அந்த நாட்களில் அப்படிக் கொண்டு போனவர்களில் மாலையில் வீட்டுக்கு வந்தவர்களும் உண்டு, வருடக்கணக்கில் வராதவர்களும் உண்டு. கோகுலன் யாழ்ப்பாணத்துப் பொடியன். அன்டனாவைச் செய்தவன் நான். என் பெயரும் தமிழ்ப் பெயர். வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எங்கேயாவது போய்விடலாமா என்றுதான் முதலில் நினைத்தேன். மாத்தயாவிடம் சொல்லவும் சொன்னேன்.

"போகலாம்," என்றார். "ஆனா நீ ஒளிச்சா, அந்த அன்டனாவும் ஒளிச்சு வச்ச அன்டனா ஆயிடும். நான் உன்னோட வாறேன்."

பிறகு டெலிபோனை எடுத்தார். முதல் அழைப்பு பொலிசுக்கு இல்லை, சட்டத்தரணிக்கும் இல்லை. சுமனா நோனாவுக்கு. என்ன பேசினார் என்று எனக்குக் கேட்கவில்லை. வைத்துவிட்டு, கடையில் இருந்த அதே மாதிரி இன்னொரு அன்டனாவை எடுத்து என் கையில் தந்தார்.

"சுத்தாமல் பிடி."

மூன்று சக்கர வண்டியில், அன்டனாவை வெளியே நீட்டிப் பிடித்தபடி காலி வீதி என்ற பெரிய ரோட்டால் போனோம். வழியில் இருந்த ஒவ்வொரு சாவடியிலும் மாத்தயா தானாகவே வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி, அதைக் காட்டினார். அந்தோனியாரிடம் அன்று நான் நேர்ந்த மெழுகுதிரிகளைக் கொளுத்தி முடிக்கப் பிறகு பல செவ்வாய்க்கிழமைகள் எடுத்தன.

பொலிஸில் கோகுலன் ஒரு வாங்கில் உட்கார்ந்திருந்தான். முகத்தில் இரத்தமே இல்லை. மாத்தயா அதிகாரியிடம் போகவில்லை. நேரே கோகுலனிடம் போய்க் குனிந்து கேட்டார்.

"சாப்பிட்டாச்சா?"

கோகுலன் இல்லை என்று தலையாட்டினான். அதற்குப் பிறகுதான் மாத்தயா அதிகாரி பக்கம் திரும்பி, தன் பெயரையும் கடையையும் சொல்லி, "இந்த அன்டனாவைப் போட்டது நாங்கள். போட்ட கை இவருடையது, போடச் சொன்ன வாய் என்னுடையது" என்றார்.

அதிகாரி கெட்ட மனிதர் இல்லை. அவருக்கும் மேலே ஆட்கள் இருந்தார்கள். அவர் கேட்ட கேள்வியும் நியாயமான கேள்வி. "எல்லா அன்டனாவும் படுத்திருக்கு, இது ஏன் நிக்குது? எல்லாம் அந்தப் பக்கம் பார்க்குது, இது ஏன் கடலைப் பார்க்குது?"

நான் வாயைத் திறக்கும் முன் வாசலில் சத்தம் கேட்டது. சுமனா நோனா. கையில் குடை, பின்னால் ஒழுங்கையில் இருந்து இன்னும் சிலர். எதிர்வீட்டு மலே மனிதர், மூலைக் கடைக்காரர், எல்லோரும் மாத்தயாவுக்குத் தேத்தண்ணி கொடுத்தவர்கள்.

"நோனா, இது என்ன சாமான் எண்டு உங்களுக்குத் தெரியுமா?" என்று அதிகாரி கேட்டார்.

"தெரியாது," என்றார் சுமனா நோனா. "எனக்கு எப்படித் தெரியும்? ஆனா போட்ட நாள் எனக்குத் தெரியும். நான் கையில பிடிச்சுப் பார்த்தேன். இந்த மாத்தயா என்ட வீட்டில இருந்து ஒரு முழு நாடகம் பார்த்தார், ரீவி கெடுதா எண்டு. களவா வேலை செய்யிறவன் பக்கத்து வீட்டுக் கிழவியிட்ட வந்து, உங்கட நாடகம் தெளிவா இருக்கா எண்டு கேப்பானா?"

சுமனா நோனா குடையை வாங்கில் சாய்த்துவிட்டுக் கோகுலனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அவனோடு பேச்சுவார்த்தை இல்லாதவர்.

"இவன் விடிய மோட்டார் சைக்கிள் சத்தம் போடுறான். அதுக்குப் பிடிச்சு வைக்கிறதா இருந்தா வையுங்க. இதுக்கு வேணாம்."

என் வேலைக்காலம் முழுவதும் வெயிலில் நின்று நான் பல்லைக் கடித்த அத்தனை தேத்தண்ணிக்கும் அன்று அந்த வாசலில் கணக்குத் தீர்ந்தது. மாத்தயாவின் காலைத் தொட்டுக் கும்பிடத் தோன்றியது. தொட்டிருந்தால் என் தலையில் குட்டியிருப்பார்.

கடைசியில் கோகுலனை அங்கேயே வைத்துக்கொண்டு, ஒரு சார்ஜன்ட்டையும் ஒரு கான்ஸ்டபிளையும் எங்களோடு அனுப்பினார்கள். பிடித்த அன்டனாவையும் ரவுட்டரையும் திரும்பப் பல்கனியில் பூட்டச் சொன்னார்கள். பூட்டினேன். ரீச்சர் கனடாவுக்கு எடுத்தார். அங்கே இரவு. மகள் தூக்கக் கலக்கத்தோடு திரையில் வந்தாள். நேரம் கெட்ட நேரத்தில் மகளைக் கண்டதும் மாஸ்டர் எதையோ உணர்ந்துவிட்டார். கண்கள் அறை முழுவதும் கோகுலனைத் தேடின.

"ஒண்டுமில்லை அப்பா, லைன் சோதிக்கினம்," என்றாள் மகள். அவளுக்கு ரீச்சர் என்ன சைகை காட்டினாரோ தெரியாது.

சார்ஜன்ட் லப்டொப்பை ஒருக்கால் பார்த்துவிட்டுக் கோகுலனின் பல்கனிக்கு ஏறினார். என்னை விலகச் சொல்லிவிட்டுத் தன் கையாலேயே அன்டனாவைத் திருப்பிப் படுக்கவைத்தார். அனெக்ஸ் ஜன்னலில் நின்ற கான்ஸ்டபிள், படம் நின்றுவிட்டது என்று கையசைத்தார். நிமிர்த்தினார். கொஞ்சம் பொறுத்துப் படம் வந்தது என்று கை அசைந்தது. பிறகு தண்டின் வழியே ஒற்றைக் கண்ணால் பார்த்தார். அது கடலைப் பார்க்கவில்லை. கடலுக்கு முன்னால், ஒரு ஜன்னலில், படுக்கையில் கிடந்த ஒரு வயதான மனிதரைப் பார்த்துக்கொண்டிருந்தது. சார்ஜன்ட் கையைத் துடைத்துக்கொண்டு, "ஹரி, யமு" என்றார், சரி போவோம் என்று.

அன்று பொழுது சாயும் முன் கோகுலன் வீட்டுக்கு வந்தான். நேரே அனெக்ஸுக்குப் போய்த் தகப்பனின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான். மாஸ்டரின் நல்ல கை அவன் தலையைத் தடவித் தடவி, தலை அங்கேதான் இருக்கிறதா என்று பார்த்தது.

ரீச்சர் வெளியே வந்து என் கையைப் பிடித்தார்.

"தம்பி, குறை நினையாதேங்கோ. அதைக் கழட்டிப் போடுங்கோ. இவர் மகளைப் பாக்காமல் இருக்கலாம். நான் மகனைப் பாக்காமல் இருக்கேலாது."

ஏணியை எடுத்தேன். பாதி ஏறும்போது பக்கத்துப் பல்கனியில் இருந்து சுமனா நோனா, என்ன செய்கிறாய் என்று கேட்டார். சொன்னேன்.

"ஏன் கழட்டணும்? அந்த வீட்டில நிக்கிறதுதானே பிரச்சினை? என்ட வீட்டில போடு. இங்க வந்து கேக்கட்டும், பார்ப்போம்."

அவருடைய பல்கனியில் இருந்தும் அதே ஜன்னல் தெரியும், இன்னும் கிட்டவாக. மாத்தயா கீழே நின்று சிரித்தார். "நோனா, அன்டனா தனிய வராது. வயர் நீளமாப் போட ஏலாது. அந்தப் பெட்டியும் கூடவே வந்து உங்கட வீட்டில இருக்கணும், இரவு பகலா."

சுமனா நோனா யோசித்தார்.

"பெட்டி சத்தம் போடுமா?"

"போடாது."

"அப்ப வரட்டும். மோட்டார் சைக்கிளை விட நல்லது."

அப்படித்தான் கோகுலனின் ரவுட்டர் சுமனா நோனாவின் மேல்மாடியில், அவர் சேலை வைக்கும் அலுமாரிக்கு மேல் குடியேறியது. கோகுலனின் வீட்டில் இருந்து பொது மதில் ஓரமாக டெலிபோன் வயரை நீட்டினேன். அன்டனா அவர் பல்கனிக் கம்பியில், நிமிர்ந்து, கடலைப் பார்த்து நின்றது. அடுத்த நாளே மாத்தயா ஒழுங்கை அடியில் புதிதாக நின்ற ஆமிக்காரனிடம் போய்க் காட்டிவிட்டு வந்தார். அதற்குப் பிறகு ஆள் மாறும்போதெல்லாம் சுமனா நோனாவே குடையைப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போய்ச் சொல்லிவிடுவாராம்.

மாத்தயா இப்போது இல்லை. இருந்திருந்தால் நஸீரின் வெள்ளைப் பெட்டியையும் நாலு வீட்டுக்குக் காட்டிவிட்டுத்தான் மேசையில் வைத்திருப்பார். பொடியன்மாரே, நான் உங்களுக்குச் சொல்லித் தரக்கூடிய தொழில் எல்லாம் பெட்டிக்குள்ளே போய்விட்டது. அதில் எனக்குக் கவலை இல்லை. அந்த மனிதரின் கீழ் வேலை செய்யக் கிடைத்ததற்கு நான் கடவுளுக்கு நன்றி சொல்லாத நாள் இல்லை.

அந்த அன்டனா இடம் மாறிய பிறகு ஒரு நாள், பல்கனி ஆணி துருப்பிடித்துவிட்டது என்று சுமனா நோனா கூப்பிட்டார். கடற்காற்றில் அது வழக்கம்தான். நான் ஆணியை மாற்றிவிட்டு உள்ளே வந்த நேரம் கடல் பக்கமாக வானம் கறுத்துக்கொண்டு வந்தது. இடி இடித்தால் ரவுட்டரின் இரண்டு வயர்களையும் உடனே கழற்றவேண்டும், இல்லாவிட்டால் வீட்டுக்கே ஆபத்து என்று மாத்தயா அவருக்குக் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அந்த அம்மா ஒரு கையால் பிளக்கைப் பிடித்துக்கொண்டு, ஜன்னலால் தலையை நீட்டி, ஒழுங்கைக்குக் குறுக்கே தமிழில் கத்தினார்.

"ரீச்சர்! மகள் கதைச்சு முடிஞ்சுதா?"

"இன்னும் கொஞ்சம், நோனா!" என்று ஜன்னலில் இருந்து பதில் வந்தது.

தலைக்கு மேல் வானம் முழங்கியது. ஓடு அதிர்ந்தது. எனக்கே பயமாக இருந்தது. "கழட்டுங்க நோனா" என்றேன். அவர் பிளக்கில் இருந்து கையை எடுத்துவிட்டுக் கட்டிலில் போய் உட்கார்ந்தார்.

"இரு," என்றார். "மனுசன் பிள்ளையைப் பார்த்து முடிக்கட்டும்."